முந்நூறு சதவீதம் என்னும் பேச்சு

ஒன்டாரியோவின் அஜக்ஸில் பழைய ஃபர்னஸை மாற்ற நினைப்பவரின் காதில் முதலில் விழுவது, ஹீட் பம்ப்புக்கு முந்நூறு சதவீதத் திறன் என்ற பேச்சுத்தான். பௌதிகம் படித்தவருக்கு இது உறுத்தும். ஆனால் பேச்சு பொய்யல்ல. குழாய்க்குள் ஓடும் வாயுவைக் கம்பிரசர் அழுத்தும்போது வாயுவின்மீது வேலை செய்யப்படுகிறது. அகச்சக்தி கூடி அது சூடேறுகிறது. சூட்டை வீட்டுக்குள் விட்டுத் திரவமாகிறது. பிறகு விரிந்து, வெளிக்காற்றைவிடக் குளிர்ந்து, அந்தக் காற்றிலிருந்தே வெப்பத்தை உறிஞ்சித் திரும்புகிறது. சுற்று முடிந்ததும் அகச்சக்தி புறப்பட்ட அளவுக்கே வந்துவிடும். ஆகவே வீட்டுக்குக் கிடைப்பது, வெளியே எடுத்த வெப்பமும் மின்சாரம் செய்த வேலையும் சேர்ந்த தொகை. ஒரு பங்கு வேலைக்கு இரண்டு பங்கு வெப்பம் வந்தால் மொத்தம் மூன்று; இதுவே பம்ப்பின் பெருக்கம். காற்றையே விரித்தும் அழுத்தியும் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1852இலேயே எழுதியிருக்கிறார்.

சிக்கல், அந்த மூன்று நிலையாக நிற்காததில் இருக்கிறது. உள்ளே 21 பாகை, வெளியே 7 பாகை என்றால், எந்தக் கருவியும் தாண்ட முடியாத கார்னோ வரம்பு 21. வெளியே −20 ஆனால் வரம்பு ஏழைச் சற்றே தாண்டும். நிசக் கருவி இவற்றில் ஒரு பகுதியைத்தான் எட்டும்: மிதமான நாளில் மூன்று, நான்கு, கடுங்குளிரில் இரண்டை ஒட்டி. வீடு கூடுதலாகக் கேட்கும் இரவில் கருவி குறைவாகத் தருகிறது. பூச்சியத்தை ஒட்டிய ஈர நாட்களில் வெளிச்சுருளில் உறைபனி வேறு படியும். அதை உருக்கப் பம்ப் திசைமாறி வீட்டின் வெப்பத்தையே வெளியே அனுப்பும். விளம்பரத்தில் இதற்கு இடமில்லை.

மின்சாரம் செய்யும் அந்த வேலை எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஒன்டாரியோ மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி அணுமின். அடுத்த ஊரான பிக்கரிங்கில் 1971இலேயே உலை ஓடத் தொடங்கியது. குளிர் உச்சத்தில் கூடும் தேவைக்கோ எரிவாயு நிலையங்களும் முடுக்கப்படுகின்றன. நிலையத்தின் திறன் பாதி, பம்ப்பின் பெருக்கம் இரண்டு என்று வைத்தால் எரித்த வாயுவுக்குக் கிடைப்பது ஒன்று. வீட்டு நிலவறையில் 95 சதவீதத் திறனுள்ள ஃபர்னஸ் ஏறக்குறைய அதையே தந்துவிடும். பெருக்கம் மூன்றானால் ஒன்றரை. அதாவது பம்ப்பின் உண்மையான ஆதாயம் −20இல் இல்லை, குளிர்காலத்தின் சாதாரண நாட்களில் இருக்கிறது. ரொறன்ரோப் பகுதியின் ஜனவரிச் சராசரி −5 பாகையளவில்தான் என்பதால், அத்தகைய நாட்களே இங்கு அதிகம்.

இதனால் ஃபர்னஸை வைத்துக்கொண்டே பம்ப்பும் பூட்டும் இரட்டை முறையை நான் ஆதரிக்கிறேன். அதன் குறைகளும் தெரிந்தவையே: எரிவாயு இணைப்பின் மாதக் கட்டணம் தொடரும், பராமரிக்கக் கருவி இரண்டு. 2025 ஏப்ரலில் நுகர்வோர் கரிமக் கட்டணம் நீங்கி எரிவாயு மலிவானது பணக்கணக்கைப் பம்ப்புக்கு எதிராகச் சாய்த்தது. இரவு 11 முதல் காலை 7 வரை மலிவான மின்திட்டத்தை எடுத்தவருக்கு மட்டும் அது மீண்டும் நிமிரும். மாலையில் அதே திட்டம் கையைக் கடிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், எந்த வெளிப்பாகையில் பம்ப் நின்று ஃபர்னஸ் தொடங்க வேண்டும் என்பது. அதைப் பூச்சியத்திலேயே வைத்துவிட்டால் பம்ப் குளிர்காலம் முழுக்கப் பெரும்பாலும் சும்மா கிடக்கும். −10, −12க்கு இறக்கினால் போட்ட பணத்துக்கு வேலை செய்யும். ஒப்பந்தத் தாளில் கேட்டு எழுதி வாங்க வேண்டிய எண் இதுதான், முந்நூறு அல்ல.