கைந்நாட்டும் இசைவும்: ஜவ்வாது மலையில் அரசுச் சேவை ஆய்வின் அறம்

அரசுச் சேவைகளைப் பயனர் நோக்கில் ஆராய்வோர், படிவத்தில் இடப்பெறும் கைந்நாட்டையே பெரும்பாலும் இசைவெனக் கொள்கின்றனர். இக்கருத்தின் குறையை ஜவ்வாது மலை தெளிவாக்குகிறது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாதிச் சான்றிதழுக்கும், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் நில உரிமைக்கும் அலுவலர்களை நாட வேண்டியுள்ளது. அவ்வலுவலர்களுடன் வரும் ஆய்வாளரிடம் மறுப்புரைத்தல் எளிதன்று.

2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிமனிதர் குறித்த முடிவுக்குப் பயன்படாத ஆய்வுத் தரவுக்கு, வரையறுத்த நெறிகளுக்குட்பட்டு விலக்களிக்கிறது. ஆகவே சட்டத்தைப் பின்பற்றுவது மட்டுமே அறமாகிவிடாது.

வன உரிமை விதிகள் முதியோரின் வாய்மொழியைச் சான்றாக ஏற்கின்றன. அம்மதிப்பு வாய்மொழி மறுப்புக்கும் உரியது. அலுவலர் உடனிராத நேர்காணல், மறுத்தாலும் சேவை தடைப்படாது என்னும் உறுதி, முடிவுகளைக் கிராம சபையில் எடுத்துரைத்தல் ஆகியவை ஆய்வுத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும்.