பிள்ளையாருக்கு மட்டும் தெரியும்

முதலில் ஒரு வாக்குமூலம். சில வருஷங்களுக்கு முன்னால் கிரெடிட் கார்டில் 70,000 ரூபாய் கடன் வைத்திருந்தேன். வீட்டுக்குத் தெரியாது. ஸ்டேட்மென்ட் ஆபீஸ் விலாசத்துக்கு வரும். தெருமுனைப் பிள்ளையாரிடம் மட்டும் தினமும் காலையில் சொல்லிவிடுவேன். மனசு லேசாகிவிடும். சாயங்காலம் மறுபடியும் கார்டைத் தேய்ப்பேன்.

என்னைக் கையும் களவுமாகப் பிடித்தவர் ஒரு ஜெர்மன் பாதிரியார். பெயர் டீட்ரிஷ் போன்ஹோஃபர். 1939-ல் வெளியான அவருடைய சின்னப் புத்தகம், ஆங்கிலத்தில் 'லைஃப் டுகெதர்'. பழைய புத்தகக் கடையில் விலை குறைவு என்பதால் வாங்கினேன். பக்தி நூல் என்று அலட்சியமாகத்தான் பிரித்தேன்.

ஹிட்லர் தேவாலயங்களையும் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்த காலம். அதற்கு உடன்படாத சபையினர் 1935-ல் இளம் போதகர்களுக்காக ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார்கள். அது சீக்கிரமே ஃபிங்கன்வால்டே என்ற ஊருக்கு இடம்பெயர்ந்தது (அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது). தலைவர் போன்ஹோஃபர். வயது 29. அங்கே ஒரு விதி: எதிரில் இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசக் கூடாது, பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். (நம் ஆபீஸ் கேன்டீன்களில் இதைக் கொண்டுவந்தால் மயான அமைதிதான்!)

இன்னொன்றும் சொன்னார். நற்கருணைக்கு முன்னால், விரும்புகிறவர்கள் நம்பிக்கையான ஒரு சகோதரனிடம் தங்கள் பாவங்களைத் தனியாகச் சொல்லலாம். கத்தோலிக்கர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் பழக்கமானது. புராட்டஸ்டன்ட்களிடம் அது பெரும்பாலும் வழக்கொழிந்திருந்தது. மாணவர்கள் தயங்கினார்கள். போன்ஹோஃபர் பிரசங்கம் பண்ணவில்லை. தானே ஒரு மாணவரிடம் போய்த் தன் பாவங்களைச் சொன்னார். 1937-ல் கெஸ்டபோ அந்த இடத்தை இழுத்து மூடியது. அடுத்த வருஷம், நாலே வாரத்தில் இந்தப் புத்தகத்தை எழுதினார்.

கடைசி அத்தியாயத்தில் ஒரு கேள்வி கேட்கிறார். பரிசுத்தமான கடவுளிடம் தப்பைச் சொல்ல நமக்குக் கூச்சமே இல்லை. நம்மை மாதிரியே தப்புப் பண்ணுகிற பக்கத்து ஆளிடம் சொல்ல மட்டும் ஏன் நாக்கு எழவில்லை? நியாயப்படி இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? அப்படியானால் நாம் நிஜமாகவே கடவுளிடம்தான் சொல்கிறோமா, இல்லை, நமக்கு நாமே சொல்லி, நாமே மன்னித்துக்கொள்கிறோமா?

பி.காம். படித்தவனுக்கு இது சட்டென்று உறைக்கும். கணக்கு எழுதுகிறவனே ஆடிட்டும் பண்ணக் கூடாது. என் பிள்ளையார் விவகாரம் அதுதான். அவர் கேள்வி கேட்க மாட்டார் என்ற தைரியம்.

புத்தகத்தின் பலம், இதைச் சட்டமாக்காதது. வேண்டியவர்களுக்கு உதவி, அவ்வளவுதான் என்கிறார். தன் தப்பை யாரிடமும் சொல்லாதவன் அடுத்தவன் தப்பைக் கேட்கவும் கூடாது என்கிறார். ஒருவரே எல்லோருடைய ரகசியத்தையும் கேட்டுக்கொண்டிருந்தால் அது அதிகாரமாகிவிடும் என்றும் எச்சரிக்கிறார்.

எச்சரிக்கிறார், ஆனால் போதவில்லை. ஒரே கூரையின் கீழ் ஒன்றாகச் சாப்பிட்டு ஜெபித்த இளைஞர்களை மனசில் வைத்து எழுதியது இது. மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று இருக்கிற இடத்தில், கீழே இருப்பவன் சொல்லும் ரகசியம் மேலே இருப்பவன் கையில் கயிறு. மறைப்பது நிர்வாகமே என்றால்? அமெரிக்காவின் பாஸ்டனில், குழந்தைகளிடம் அத்துமீறிய பாதிரிமார்களை மறைமாவட்டமே வருஷக்கணக்காக மறைத்து வைத்திருந்ததை 2002-ல் ஒரு பத்திரிகைதான் வெளியே கொண்டுவந்தது. அங்கே தேவைப்பட்டது தனியறைப் பாவ அறிக்கை அல்ல, போலீஸும் கோர்ட்டும். இந்த இடத்தைப் பற்றிப் புத்தகம் பேசவில்லை.

இதற்குப் பிறகுதான் வேடிக்கை. ஒளிவுமறைவு கூடாது என்று எழுதியவர், ராணுவ உளவுத்துறையில் வேலை பார்ப்பதுபோல் காட்டிக்கொண்டு ஹிட்லருக்கு எதிரான சதியில் சேர்ந்தார். 1943-ல் கைது. சிறையில், உண்மை பேசுவது என்றால் என்ன என்று ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அதில் ஒரு உதாரணம்: உங்கப்பா குடித்துவிட்டு வருவாராமே என்று வகுப்பு நடுவில் ஒரு பையனை வாத்தியார் கேட்கிறார். நிஜம்தான். பையன் இல்லை என்கிறான். குற்றம் பையன்மேல் இல்லை, கேட்கக் கூடாததைக் கேட்ட வாத்தியார்மேல் என்கிறார் போன்ஹோஃபர். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். வயது 39.

புத்தகத்தையும் கட்டுரையையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு டேலி ஆகிறது. அடுத்தவரைக் காப்பாற்ற மூடிவைப்பது வேறு. நம்மைக் காப்பாற்றிக்கொள்ள மூடிவைப்பது வேறு. என் கிரெடிட் கார்டு எந்த வகை என்று யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

ஒரு நண்பரிடம் சொன்னேன். அறிவுரை எதுவும் இல்லை. "வீட்டுல சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரி, சாப்பாடு முடிந்ததும் சொன்னேன். மனைவி அதிரவில்லை.

"ஸ்டேட்மென்ட் ஒண்ணு உங்க சட்டைப் பையில கெடந்துது. ஆறு மாசமாச்சு. நீங்களா சொல்லணும்னு நானும் அதே பிள்ளையார்கிட்டதான் வேண்டிக்கிட்டிருந்தேன்" என்றாள்.