காட்சியை விட்டுப் பிரிந்த இசை

புதுப்படம் வெளியான மறுநாளே அதன் பின்னணி இசை பேச்சுக்கு வந்துவிடுகிறது. “இன்டர்வெல்லுக்கு முன்னாடி வர்ற பிஜிஎம் கேட்டியா?” என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் அதைக் கைப்பேசியில் எடுத்துப் போட்டுக்காட்டுகிறார். கூடவே ஒரு பழைய படமும் பேச்சில் நுழைகிறது. பாடல் மட்டுமே இசை என்று நினைத்து வளர்ந்த திரைப் பண்பாட்டில் இது பெரிய மாற்றம். இந்தப் பழக்கம் தமிழ்க் காதுக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. ஆனால் கேட்பதிலேயே ஒரு கோணலையும் அது பழக்கிவிட்டது.

முதலில் கொடுத்ததைச் சொல்ல வேண்டும். கேசட் காலத்தில் ஒரு படத்தின் இசை என்றால் ஐந்தாறு பாடல்கள்தான். ரீ-ரெக்கார்டிங்கில் எழுதிய இசையைத் தியேட்டரை விட்டு வெளியே வந்தபின் தனியாகக் கேட்க வழியே இல்லை. ‘உதிரிப்பூக்கள்’ (1979), ‘ஜானி’ (1980), ‘மௌன ராகம்’ (1986) போன்ற படங்களின் பின்னணி இசையை வீடியோ பிரதிகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டியெடுத்து, வசனமும் கதவுச் சத்தமும் கலந்தபடியே சேர்த்துவைத்துக் கைமாற்றியவர்கள் ரசிகர்கள்தாம். பல விமர்சனங்கள் ‘பின்னணி இசை படத்துக்குப் பலம்’ என்று ஒரே வரியில் தாண்டிப்போன இடத்தில், இந்தப் புல்லாங்குழல் ஏன் இங்கே நுழைகிறது என்று நின்று கேட்டவர்களும் அவர்களே.

‘நாயகன்’ படத்தின் தாலாட்டு மெட்டு கதையின் வெவ்வேறு கட்டங்களில் திரும்பி வருவதையும், வரும் இடத்துக்கேற்ப அதன் பொருள் மாறுவதையும் பலருக்குக் காட்டிக்கொடுத்தது இப்படிப்பட்ட பேச்சுதான். வாத்தியக்காரர்களின் பெயர்கள் வெளியே தெரிந்ததிலும் இதற்குப் பங்கு உண்டு. ‘பம்பாய்’ தீமின் புல்லாங்குழல் நவீன்குமாருடையது, ‘ஹௌ டு நேம் இட்?’ ஆல்பத்தின் வயலின் வி.எஸ்.நரசிம்மனுடையது என்று இன்று சாதாரணமாகச் சொல்கிறோம். அன்றைய கேசட் அட்டைகள் பெரும்பாலும் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் பெயர்களோடு நின்றுவிடும்.

பிறகு நிறுவனங்களும் இந்த வழிக்கு வந்தன. 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் பாடலிசைக்கும் பின்னணி இசைக்கும் தனித்தனியே விருது வழங்கப்பட்டது. ‘பழசிராஜா’வுக்காகப் பின்னணி இசை விருதைப் பெற்றவர் இளையராஜா. பாடலே இல்லாத ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) படத்துக்குப் பின்னணி இசையே ஆல்பமாக வந்தது. அப்படியொரு ஆல்பத்துக்குக் கேட்பவர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கை, பல ஆண்டுகளாக இதைப் பேசிப்பேசி வளர்த்த ரசிகர்களால் வந்தது.

இனி கோணல். பின்னணி இசையைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதைக் காட்சியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. பிரித்தெடுத்தபின் எது நிற்குமோ அதுதான் நல்ல இசை என்ற அளவுகோல் தன்னால் வந்துவிடுகிறது. வசனத்தின் கீழே ஓடும் இசை பேசுபவரின் குரலுக்கு வழிவிட்டு, ஒன்றிரண்டு நீண்ட ஸ்வரங்களோடு ஒதுங்கி நிற்கும். அதை ஹெட்ஃபோனில் தனியே கேட்டால் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். ஆனால் அந்த ஒதுக்கம்தான் அங்கே கலை. நாயகன் ஸ்லோமோஷனில் நடந்துவரும் இடத்தில் வசனம் இல்லை, இசைக்கு மொத்தத் திரையும் கிடைக்கிறது. ஆகவே கைமாறும் துண்டுகளில் பெரும்பங்கு அப்படிப்பட்ட இடங்களாகவே இருக்கின்றன. ‘அண்ணாமலை’ (1992) படத்தில் ரஜினியின் பெயர் எழுத்தெழுத்தாக வரும்போது தேவா கொடுத்த இசைக்கு இன்றும் விசில் பறக்கிறது. அது தன் வேலையைக் கச்சிதமாகச் செய்த இசை. எல்லாப் பின்னணி இசையையும் அந்த விசிலை வைத்தே அளப்பதுதான் தவறு. இந்த அளவுகோல் படமெடுப்பவர்களையும் தொற்றிவிட்டது. நாயகனுக்கு ஒரு தீம், வில்லனுக்கு ஒரு தீம் என்று ரிங்டோனாகும் இடங்கள் செதுக்கப்படுகின்றன. இடைப்பட்ட சாதாரணக் காட்சிகளுக்கு எதையோ போட்டு நிரப்புகிறார்கள்.

இரண்டாவது குறை, யாருடைய வேலை எது என்பதைக் கவனிக்காமல் புகழ்வது. பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தில் சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, கட்டி முடியாத வீட்டைப் பார்க்க வருகிறார். பூசாத அறைகளுக்குள் ஆசையோடு நடந்து பார்க்கிறார். வசனத்துக்கு அங்கே வேலை இல்லை. இசைதான் அவரோடு நடக்கிறது. ‘அந்தத் தாத்தாவின் மனசுக்குள் போய் எழுதியிருக்கிறார் ராஜா’ என்று நெகிழ்ந்து சொன்னவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அந்த இசையோ 1986இல் வெளிவந்த ‘ஹௌ டு நேம் இட்?’ ஆல்பத்தைச் சேர்ந்தது. பாஹுக்கும் தியாகராஜருக்கும் இளையராஜா செலுத்திய காணிக்கை. எழுதியபோது அந்தத் தாத்தாவும் இல்லை, வீடும் இல்லை. இருக்கிற இசையிலிருந்து தேர்ந்து, அதை இந்த முதியவரின் நடையோடு சேர்த்தது பாலுமகேந்திராவின் காது. இதைச் சொல்வதால் இளையராஜாவின் பெருமை ஒரு துளியும் குறையாது. ஒரு காட்சி நம்மை அசைக்கும்போது அதில் இயக்குநர், படத்தொகுப்பாளர், ஒலிக்கலவை செய்பவர் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது என்பதுதான் தெரியவரும். ராஜாவா ரஹ்மானா என்று கட்சி கட்டிக்கொண்டவர்களுக்கு அந்தப் பங்கு கண்ணில் படுவதே இல்லை.

மூன்றாவது, மௌனத்துக்கு இந்தப் பேச்சில் இடமில்லாமல் போனது. பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ (2024) படத்துக்குப் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் இரைச்சல், கட்டிப்போட்ட சேவல், தொண்டை கட்டிய பாண்டியின் கரகரத்த குரல், ஏறக்குறைய வாயே திறக்காத மீனா: இவற்றை வைத்தே படத்தில் வரும் பயணத்தின் இறுக்கம் கட்டப்படுகிறது. ஒரு வயலின் நுழைந்திருந்தால் மீனாவுக்காக எங்கே வருந்த வேண்டும் என்று அது நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும். அந்த உதவியை மறுத்தது ஓர் இசை முடிவு. வெட்டியெடுக்க எதுவும் இல்லாததால் பிஜிஎம் பேச்சில் அந்த முடிவு இடம்பெறுவதில்லை.

அவசரத் தீர்ப்பையும் சொல்ல வேண்டும். முதல் காட்சி பார்த்த கையோடு ‘இது அந்த இங்கிலீஷ் படத்துக் காப்பி’ என்று முத்திரை குத்துகிறார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொடுக்கும் கூர்மையான காதுகள் தேவைதான். ஆனால் படத்தொகுப்பின்போது வேறொரு படத்தின் இசையைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்த்துப் பழகிவிடும் இயக்குநர், ‘இதே மாதிரி வேணும்’ என்று கேட்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அப்படி எழுதப்பட்டதில் எது மெட்டின் களவு, எது வாத்தியச் சாயல் என்று பிரித்துச் சொல்ல ஒருமுறை கேட்டது போதாது.

எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தால் இந்தப் பழக்கத்தின் பக்கம்தான் தட்டு தாழ்கிறது என்பேன். பணமோ பதவியோ எதிர்பார்க்காத அன்பு இதன் அடியில் இருக்கிறது. மறைந்துபோயிருக்கக்கூடிய ஓர் இசைவகையை அந்த அன்புதான் காப்பாற்றியது. அதில் விட்டுப்போனது காட்சிக்குத் திரும்பும் பழக்கம். சமீபத்தில் கேட்ட இசையைப் பற்றிப் பேசும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம். இசை எந்த இடத்தில் தொடங்குகிறது? ஏன் அந்த இடத்தில் நிற்கிறது? அதை எடுத்துவிட்டால் காட்சி எதை இழக்கும்? மூன்றுக்கும் பதில் தேட இசைக்கல்வி வேண்டாம், படத்தை இன்னொரு முறை பார்த்தால் போதும்.

அப்படிப் பார்த்துவிட்டுச் சொல்லப்படும் ஒரு கருத்து, ‘வெறித்தனம்’ என்ற ஆயிரம் பாராட்டுகளைவிட இசையமைப்பாளருக்குப் பயன்படும். குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி எழுதவும், தேவைப்பட்டால் எழுதாமலே விடவும் அவருக்குத் துணிவு வர வேண்டுமானால், அதைக் கவனித்து வாய்விட்டுச் சொல்லும் ரசிகர்கள் வேண்டும்.