நூற்றுக்கு 103

2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ் டெஸ்லா மாடல் எஸ் பி85டி காரை ஓட்டிப் பார்த்து நூற்றுக்கு 103 மார்க் போட்டது. வேகம், பிரேக், சிக்கனம் எல்லாவற்றையும் கூட்டினால் கணக்கு நூறைத் தாண்டி நின்றது. வேறு வழியில்லாமல் அளவுகோலைத் திருத்தி 100 என்று அச்சிட்டார்கள். இரண்டே மாதம். அக்டோபரில் அதே இதழ், சுமார் 1,400 மாடல் எஸ் உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்த பழுதுக் கணக்கை வெளியிட்டது. ‘சராசரியைவிட மோசம்’ என்று வந்தது. மோட்டார் பகுதியில் கோளாறு, சார்ஜிங் கருவியில் கோளாறு, பாடியில் கடகட சத்தம், நீர்க்கசிவு. கொடுத்த பரிந்துரை வாபஸ் ஆனது. வேடிக்கை என்னவென்றால், அவர்களே எடுத்த திருப்திக் கணக்கில் 97 சதவீத உரிமையாளர்கள் ‘மறுபடியும் இதையேதான் வாங்குவேன்’ என்றிருந்தார்கள்.

ஒரே கார், ஒரே இதழ், மூன்று விடைகள். மூன்றுமே உண்மை. ஓட்ட எப்படி இருக்கிறது, எத்தனை தடவை ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கவைத்தது, வைத்திருப்பவருக்கு மனசு நிறைந்திருக்கிறதா என்று மூன்று தனித்தனிக் கேள்விகள். ரேட்டிங்கை நம்பலாமா என்று என்னிடம் கேட்பவர்களிடம் நம்பலாம் என்றுதான் சொல்கிறேன். அது எந்தக் கேள்விக்குப் போட்ட மார்க் என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1936-இல் தொடங்கிய அமைப்பு. விளம்பரம் வாங்குவதில்லை. சோதனைக்கான காரைக் கம்பெனியிடம் இரவல் கேட்காமல், யார் என்று சொல்லிக்கொள்ளாமல் டீலரிடம் காசு கொடுத்து எடுக்கிறது. பழுதுகளுக்கு எடையும் வைத்திருக்கிறது: எஞ்சின் போனால் ஒரு கணக்கு, ஸ்பீக்கர் கரகரத்தால் வேறு கணக்கு. அப்படிப்பட்டவர்களே 2007 வரை, டொயோட்டா என்றால் புது மாடலுக்குப் பழுதுக் கணக்கு வருவதற்கு முன்பே பரிந்துரை எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் வி6 கேம்ரியும் வி8 டன்ட்ராவும் சராசரிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அந்தச் சலுகையை நிறுத்தினார்கள். பேர் பெற்ற கம்பெனிக்கு முன்கூட்டியே பாஸ் மார்க் போடுவது நம் வீட்டு மாமாக்களின் பழக்கம் மட்டும் இல்லை.

விளம்பரங்களில் அடிக்கடி வரும் ‘ஜே.டி. பவர்’ விருது வேறு வகை. 100 வண்டிக்கு எத்தனை பிரச்சினை என்பதுதான் அதன் கணக்கு. மூன்று வருடம் ஆன கார்களின் முதல் உரிமையாளர்களிடம், கடந்த 12 மாதத்தில் என்னென்ன குறை வந்தது என்று கேட்கிறார்கள். 2025 அறிக்கையில், அதாவது 2022 மாடல் கார்களில், சராசரி 202. முதலிடம் பிடித்த லெக்ஸஸ் 140. சராசரிக் காருக்கு வருடத்தில் இரண்டு குறை, முதல் ரேங்க் காருக்கு ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு மேடை அலங்காரத்துக்கும் பின்னால் இருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். அந்தக் குறைகளிலும் முதலிடம் எதற்குத் தெரியுமா? காரின் திரையோடு செல்போன் ஒழுங்காக இணைவதில்லை என்பதற்கு. கியர்பாக்ஸ் உடைந்தாலும் ஒன்று, ஆண்ட்ராய்டு ஆட்டோ விட்டு விட்டு வந்தாலும் ஒன்று. எட்டு வருடப் பழைய காரை வாங்கப் போகிறவருக்கு இந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. வென்ற கம்பெனி அந்த விருதை விளம்பரத்தில் போட்டுக்கொள்ள உரிமக் கட்டணம் செலுத்துகிறது என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம். முடிவை மாற்ற அந்தப் பணம் வாங்கப்படுவதாக நான் சொல்லவில்லை. ஆனால் கடைசி இடம் பிடித்தவர்கள் யாரும் விளம்பரம் கொடுப்பதில்லையே.

அபிப்பிராயமே வேண்டாம், வெறும் எண்ணிக்கை போதும் என்பவர்களுக்கு ஜெர்மனி இருக்கிறது. அங்கே புதுக் கார் மூன்றாம் வருடம், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயச் சோதனைக்குப் போக வேண்டும். அதில் தேறாதவற்றை மாடல் வாரியாக, வயது வாரியாகப் பிரித்து டி.யூ.வி. என்ற சோதனை அமைப்பின் அறிக்கை ஆண்டுதோறும் வருகிறது. யாருடைய மனசும் இதில் கலக்கவில்லை. ஆனாலும் பட்டியலின் உச்சியில் பலமுறை உட்கார்ந்திருப்பது போர்ஷே 911. வாரக்கடைசியில் மட்டும் வெளியே வந்து, சர்வீஸ் தேதி தவறாமல் பராமரிக்கப்படும் வண்டி தேறாமல் என்ன செய்யும்? அடியில் கிடப்பவற்றில் டாச்சியா லோகன் அடிக்கடி வரும்; மலிவான கார், கிலோமீட்டர் அதிகம், சர்வீஸுக்குச் செலவழிக்கக் கை வராத உரிமையாளர்கள். பழுதுக் கணக்கில் பாதி, ஓட்டுகிறவரின் கணக்கு.

அதே ஜெர்மனியின் பெரிய மோட்டார் சங்கமான ஏ.டி.ஏ.சி. 2014-இல் சிரிப்பாய்ச் சிரித்தது. மக்களின் மனம்கவர்ந்த கார் என்று ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபுக்கு 34,299 ஓட்டு விழுந்ததாக அறிவித்தார்கள். உண்மையில் விழுந்தது 3,409. சங்கத்தின் தகவல் தொடர்புத் தலைவர் பதவி விலகினார், அடுத்த மாதம் சங்கத் தலைவரும் போனார். அது பழுதுப் புள்ளிவிவரம் இல்லை, வெறும் ஜனரஞ்சக ஓட்டெடுப்பு. ஆனால் சங்கத்தின் மற்ற எண்களையும் எல்லோரும் சந்தேகத்தோடு பார்க்க அந்த ஒரு எண் போதுமானதாக இருந்தது.

இந்தியாவில் டி.யூ.வி. மாதிரிக் கணக்கு உருவாகவே வழி இல்லை. சொந்தக் காருக்கு ஆர்.டி.ஓ. சோதனை 15 வருடம் கழித்து, பதிவைப் புதுப்பிக்கும்போதுதான். வாரண்டியில் எத்தனை பாகம் மாற்றினோம் என்ற கணக்கு கம்பெனிகளிடம் பத்திரமாக இருக்கிறது, வெளியே வருவதில்லை. பாரத் என்கேப் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிறகு எல்லோர் வாயிலும் ‘ஃபைவ் ஸ்டார்’ புழங்குகிறது. அது மோதினால் உயிர் பிழைப்பீர்களா என்பதற்கான நட்சத்திரம். ஐந்து நட்சத்திரக் கார் ஆறாம் மாதமே இழுவை வண்டியில் போனாலும் அந்த நட்சத்திரம் பொய்யாகாது.

ஆகவே நமக்கு மிஞ்சுவது பேர்தான். பேர் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசலைவிட நல்ல உதாரணம் நம் சாலையில் கிடைக்காது. மாருதி அதை உரிமம் பெற்று மானேசரில் செய்து ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா என்று எல்லாவற்றிலும் வைத்தது. புனே பக்கத்தில் ரஞ்சன்காவில் வார்த்த அதே எஞ்சின் ஃபியட் புன்டோ, லீனியாவிலும் டாடா விஸ்டா, மான்ஸாவிலும் ஓடியது. 2020-இல் பி.எஸ்.6 மாசு விதி வந்து ஓய்வு கொடுக்கும்வரை அதை இந்தியாவின் தேசிய எஞ்சின் என்றே கிண்டலாகச் சொல்வார்கள். ஸ்விஃப்ட் டீசல் என்றால் ‘கண்ணை மூடிட்டு வாங்கலாம்’. லீனியா என்றால் ‘ஐயோ, யார் பார்ப்பாங்க?’. அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. திருவண்ணாமலையிலும் தென்காசியிலும் மாருதிக்கு ஆளும் ஸ்பேரும் கிடைக்கும். லீனியாவுக்கு ஒரு சின்ன பாகத்துக்காகப் சென்னைப் புதுப்பேட்டை ஸ்பேர் கடைகளில் நாள் முழுக்க அலைய வேண்டியிருக்கும். எஞ்சினின் குணத்தோடு ஊரின் குணமும் சேர்ந்த மார்க் அது. அதை எந்த அமெரிக்கப் பட்டியலும் உங்களுக்குப் போட்டுத் தராது.

ஒரே பேருக்குள் வேறு வேறு எஞ்சின் இருந்தால் கதை தலைகீழ். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் செய்த எகோஸ்போர்ட் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறியது. 2023 டிசம்பரில் அங்கே ஃபோகஸையும் சேர்த்து ஏறக்குறைய 1,40,000 வண்டிகளுக்கு ரீகால் வந்தது. 1.0 லிட்டர் எஞ்சினில் ஆயில் பம்பைச் சுற்றும் பெல்ட்டின் டென்ஷனர் உடையலாம், பெல்ட்டின் பல் தேயலாம். ஆயில் பிரஷர் இறங்கினால் ஓடும்போதே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். நம்மூரில் பலர் வாங்கிய எகோஸ்போர்ட் 1.5 லிட்டர் டீசல். ‘எகோஸ்போர்ட் எப்படி?’ என்று தேடிப் படித்துவிட்டு முடிவெடுத்தவர் எந்த எஞ்சினைப் பற்றிப் படித்தார்?

நம் பத்திரிகை, யூடியூப் ரிவ்யூக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், அதில் நானும் உண்டு. கம்பெனி கூப்பிடும் ஊரில், கம்பெனி கழுவிக் கொடுத்த வண்டியை, ஒரு பகல் ஓட்டிவிட்டு எழுதுகிறோம். பெண் பார்க்கப் போன அன்று சாப்பிட்ட பஜ்ஜியை வைத்து மாமியார் வீட்டை எடைபோடும் வேலை. சீட், சத்தம், இழுவை, குழியில் எப்படி இறங்குகிறது என்பதற்கு அந்த ரிவ்யூவை நம்புங்கள். அறுபதாயிரம் கிலோமீட்டரில் கிளட்ச் என்னாகும் என்பதற்கு வேண்டாம். உரிமையாளர்கள் எழுதுவது டெலிவரி எடுத்த வாரத்தில், அல்லது சர்வீஸ் சென்டரில் சண்டை போட்ட இரவில். நடுவில் இருக்கும் பெரும்பான்மை எழுதுவதில்லை. ஷோரூம் மதிப்பெண்ணோ இன்னும் மோசம். கார் எடுத்த மறுநாள் சேல்ஸ் பையன் போன் செய்வான்: “சார், கம்பெனியிலேர்ந்து ஒரு கால் வரும். எல்லாத்துக்கும் பத்துன்னு சொல்லிடுங்க சார். ஒம்பது சொன்னாலும் என் இன்சென்டிவ் போயிடும்.” எந்த மனுஷன் ஒன்பது சொல்வான்?

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அத்தை மகனோடு செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கக் கிளம்பினேன். கையில், கார் தனக்குள் குறித்துவைத்த பழுதுகளைப் படிக்கும் ஒரு ஓ.பி.டி. ஸ்கேனர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான், புளூடூத்தில் போனோடு பேசும், சில நூறு ரூபாய். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ‘எல்ம்327’ என்ற சிப்பின் நகல். 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த கார் என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே, முட்டிக்கு மேலே 16 பின் சாக்கெட் இருக்கும். செருகி, சாவியைத் திருப்பி, போனில் ஆப்பைத் திறந்தால் காரின் கம்ப்யூட்டர் பேச ஆரம்பிக்கும்.

பார்த்தது ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக். எங்கே தேடினாலும் நல்ல பேர் உள்ள மாடல். “சிங்கிள் ஓனர் சார், லேடி டாக்டர் ஓட்டின வண்டி” என்றார் புரோக்கர். சென்னையில் விற்பனைக்கு வரும் கார்களைப் பார்த்தால் லேடி டாக்டர்கள் வைத்தியம் பார்க்க நேரமே இருந்திருக்காது என்று தோன்றும். ஸ்கேனரில் ஒரு ஃபால்ட் கோடும் (பழுதுக் குறியீடு) இல்லை. அத்தை மகன் முகம் மலர்ந்தது. நான் அடுத்த பக்கத்தைத் திறந்தேன். ‘கோடு அழித்தபின் ஓடிய தூரம்: 6 கி.மீ.’ அதற்குக் கீழே, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் சோதனைகள் ‘முடியவில்லை’ என்று காட்டின. கோடுகளை அழித்தால் கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்கும். முடிக்கும்வரை ‘குறை இல்லை’ என்பதற்கு அர்த்தமே கிடையாது.

“பேட்டரி மாத்தினோம் சார், அதனால இருக்கும்.” இருக்கலாம். பல கார்களில் பேட்டரியைக் கழற்றினாலும் இப்படி ஆகும். அதனால் சண்டை போடாமல் ஈ.சி.ஆரில் கோவளம் வரை ஒரே வேகத்தில் ஓட்டிப் போய்த் திரும்பினோம். டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியவில்லை. ஆப்பின் ‘பெண்டிங்’ பட்டியலில் மட்டும் பி0420 வந்து நின்றது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற சந்தேகம் அது. இம்மாதிரிக் குறையை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்ட பிறகே பல கார்கள் விளக்கை எரிக்கும். முதல் ஓட்டத்தில் காதும் காதும் வைத்ததுபோல் எழுதி வைத்துக்கொள்ளும். கன்வர்ட்டர் மாற்றுவது பல்லாயிரம் ரூபாய் செலவு. பின்பக்க ஆக்சிஜன் சென்சார் கெட்டாலும் இதே கோடு வரலாம், அது சில ஆயிரத்தில் முடியும். எது என்று இந்தச் சாமான் சொல்லாது. மாடலுக்கு விழுந்த மார்க்குக்கும் இந்தக் குறிப்பிட்ட காருக்கும் உள்ள தூரத்தை மட்டும் அது அளந்து காட்டிவிட்டது. அதை வாங்கவில்லை.

ஸ்கேனருக்குத் தெரியாதவை நிறைய. சஸ்பென்ஷன் புஷ், கிளட்ச், துரு எதுவும் தெரியாது. பெரும்பாலான கார்களில் ஓடோமீட்டரைத் திருப்பியிருந்தாலும் மலிவு ஸ்கேனருக்குத் தெரிய வழி இல்லை. சர்வீஸ் பில்லையும் பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானத்தையும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். அடுத்துப் பார்த்த செடானில் ஸ்கேனர் எல்லாம் சரி என்றது. கூட வந்த மெக்கானிக் அண்ணன் போனைப் பார்க்கவே இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்து, “தம்பி, அந்த பெல்ட்டை முழுசா இழுங்க” என்றார். இழுக்க இழுக்கக் கருப்பாக வந்த பெல்ட், கடைசி ஒரு அடியில் காவி நிறமாக வந்தது. சீட்டின் தண்டவாளத்தில் துரு. கார்ப்பெட்டைத் தூக்கினால் மெல்லிய வண்டல். 2015 வெள்ளமோ 2023 மிக்ஜாம் புயலோ, எதில் மூழ்கி எழுந்ததோ தெரியவில்லை. “இன்சூரன்ஸ் கிளெய்ம் ஹிஸ்டரி கேளுங்க தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

ஸ்கேனர் காசுக்குத் தகுந்த சாமானா என்றால், பழைய கார் வாங்கும் யாருக்கும் தகும். ஐபோன்காரர்கள் சாதாரண புளூடூத் வகையை வாங்கிவிட்டு இணையவில்லை என்று புலம்ப வேண்டாம். வைஃபை வகையோ, புளூடூத் எல்.இ. என்று தெளிவாகப் போட்டிருப்பதோ வேண்டும். டீசல் காரில் இதே ஆப் காட்டும் சோதனைப் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். விற்பவர் செருக விடமாட்டேன் என்றால் காரணம் கேட்டு நேரத்தை வீணாக்காமல் அடுத்த காரைப் பாருங்கள். வேலை முடிந்ததும் பிடுங்கிவிடுங்கள். மலிவு நகல்களில் பல தூங்குவதே இல்லை, நிறுத்தி வைத்த காரின் பேட்டரியைச் சில நாளில் உறிஞ்சிவிடும்.