மளிகை தாண்டாத ஆறு

வாஷிங்டன் டி.சி.யில் எந்தக் கடையில் மளிகை வாங்கினாலும், பை வேண்டுமென்றால் 5 சென்ட் தனியாகக் கொடுக்க வேண்டும். 2010 ஜனவரி 1 முதல் இதுதான் சட்டம். அதில் ஒரு சென்ட் கடைக்காரருக்கு. மிச்சம் பெரும்பாலும் அனகோஸ்டியா ஆற்றைத் தூய்மைப்படுத்தும் நிதிக்குப் போகிறது. பை கேட்பவர் ஏழையா பணக்காரரா, ஆற்றுக்கு மேற்கே குடியிருக்கிறாரா கிழக்கேயா என்று சட்டம் பார்ப்பதில்லை. எல்லோரும் அதே 5 சென்ட்தான் தருகிறார்கள். அந்த ஆற்றங்கரையில் கடந்த இருபது ஆண்டுகளில் முளைத்த உணவகங்களையும் பேரங்காடிகளையும் எடைபோடும்போது இந்தச் சின்னக் கணக்கை மறந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

அமெரிக்கத் தலைநகரின் படங்களில் வருவது பொட்டோமாக் ஆறு. நினைவு மண்டபங்களும் செர்ரி மரங்களும் அந்தப் பக்கம். அனகோஸ்டியா நகரத்தின் கொல்லைப்புறமாகவே இருந்தது. 1799இல் அங்கே நேவி யார்டு என்ற கடற்படைத் தளம் வந்தது. பிறகு அது பீரங்கி வார்க்கும் பெரிய தொழிற்சாலையாக வளர்ந்து, 1960களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றதும் பாதி இடம் காடாகக் கிடந்தது. பழைய பாணிச் சாக்கடைக் குழாய்களில் மழைநீரும் கழிவும் ஒன்றாக ஓடியதால், கனமழை பெய்தாலே அசுத்தம் நேராக ஆற்றில் இறங்கும். இங்கே நீந்துவதை 1971இலேயே தடை செய்துவிட்டார்கள். மெட்ரோ ரயிலின் பச்சை வழித்தடம் 1991 டிசம்பரில் நேவி யார்டு நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோதுகூட, இறங்கிப் போகக் காரணம் உள்ளவர்கள் அதிகமில்லை.

இன்று அதே நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு இறங்கினால் கூட்டத்தோடு நகர வேண்டியிருக்கும். மேயர் ஆந்தனி வில்லியம்ஸ் காலத்தில் 2000இல் தொடங்கிய ஆற்றங்கரைத் திட்டம், அதே ஆண்டில் கூட்டரசின் நிலத்தைத் தனியாரோடு சேர்ந்து மேம்படுத்த வழிசெய்த சட்டம், 2007இல் போக்குவரத்துத் துறையின் தலைமையகம், 2008 மார்ச்சில் நேஷனல்ஸ் பேஸ்பால் மைதானம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மைதானத்துக்கு மட்டும் 60 கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம். 2010இல் யார்ட்ஸ் பார்க் திறந்தது. அதன் பிறகுதான் சாப்பாட்டுக் கடைகளின் வரிசை.

இந்த முறையின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளவில்லை. கடற்படையின் கொதிகலன் பட்டறை அப்படியே நிற்கிறது, உள்ளே 2013 முதல் ப்ளூஜாக்கெட் என்ற பீர் வடிப்பகமும் உணவகமும் நடக்கின்றன. இரும்புத் தூண்கள், உயரமான கூரை, பளபளக்கும் வடிகலன்கள் எல்லாவற்றையும் மேசையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மரக்கிடங்காக இருந்த இன்னொரு கட்டடத்துக்குக் கண்ணாடிச் சுவர் வைத்து உணவகங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். இது வெறும் அலங்காரம் இல்லை. ஆற்றைப் பார்த்து உட்காரும் இடம் கிடைத்ததும், அதுவரை ஆற்றுக்கு முதுகு காட்டியிருந்த நகரம் அதன் நாற்றத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியது. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது. கோடையில் அங்கே தண்ணீரில் குதித்து விளையாடும் குழந்தைகளில் பாலம் தாண்டி வந்த குழந்தைகளும் உண்டு. அமெரிக்க நகரங்களில் கரையோர நிலத்தைத் தனியார் அடுக்குமாடிகள் வளைத்துக்கொண்ட கதைகள் ஏராளம் என்பதால், இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

உணவகம் ஏன் முதலில் வருகிறது, மளிகைக் கடை ஏன் பிறகு வருகிறது? உணவகத்துக்கு அக்கம்பக்கத்தில் குடித்தனங்கள் வேண்டியதில்லை, வந்துபோகும் ஆட்கள் போதும். பேரங்காடி நடத்துபவர் குடித்தனங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார். அந்தத் தொழிலில் நூறு டாலருக்கு விற்றால் கையில் நிற்பது ஏறக்குறைய இரண்டு மூன்று டாலர்தான். அழுகும் சரக்கு, பெரிய லாரி வந்து திரும்புவதற்கான இடம், நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் சதுர அடித் தரைத்தளம், இத்தனையையும் அந்த இரண்டு டாலர் தாங்க வேண்டும். அதனால்தான் மைதானம் வந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 2014இல், நேவி யார்டில் ஹாரிஸ் டீட்டர் திறந்தது. ஹோல் ஃபுட்ஸ் வர 2018 ஆனது. இரண்டுமே அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தரைத்தளத்தில். மேலே வாழ்பவர் லிஃப்டில் இறங்கினால் கீரையும் ரொட்டியும் கிடைக்கும்.

மளிகைக் கடை வந்ததால் ஏற்பட்ட மாற்றம் உணவகங்களால் வந்ததைவிடப் பெரிது என்பது என் கணிப்பு. பேஸ்பால் அணி ஒரு பருவத்தில் சொந்த மைதானத்தில் ஆடுவது 81 ஆட்டங்கள். ஆட்டம் உள்ள நாளில் மைதானத்தைச் சுற்றியுள்ள மதுக்கூடங்களில் நிற்க இடம் இருக்காது. குளிர்காலச் செவ்வாய்க்கிழமையில் கதையே வேறு. 2020இல் பார்வையாளர் இல்லாமல் ஆட்டங்கள் நடந்தன. அலுவலக ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். வந்துபோகிறவர்களை நம்பி வைத்த கடைக்கு வந்துபோகிறவர்கள் நின்றால் என்ன ஆகும் என்பதை அந்த ஆண்டு அப்பட்டமாகக் காட்டியது. அப்போதும் மளிகைக் கடைகள் திறந்தே இருந்தன, மேலே குடியிருந்தவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஓர் இடம் ஊராகிவிட்டதா, பொழுதுபோக்குத் திடலாகவே நிற்கிறதா என்று தெரிய வேண்டுமா? அங்கே ஒரு கட்டு வெங்காயத்தாள் வாங்க முடிகிறதா என்று பாருங்கள். அந்த அளவில் நேவி யார்டு தேறிவிட்டது.

இனி எதிர்க்கரை. நேவி யார்டிலிருந்து அதே பச்சை வழித்தடத்தில் ஆற்றுக்கு அடியில் ஒரே நிலையம் கடந்தால் ஆற்றின் பெயரையே கொண்ட அனகோஸ்டியா பகுதி. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து அதை எதிர்த்துப் போராடிய ஃபிரெடெரிக் டக்ளஸ் தன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. 2021இல் திறந்த புதிய பாலத்துக்கும் அவர் பெயர்தான். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த 8ஆம் வார்டில், அதன் எல்லைகளைத் திருத்தும் முன்பு, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு முழு அளவிலான பேரங்காடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது: அலபாமா அவென்யூவில் 2007 டிசம்பரில் திறந்த ஜயண்ட். பக்கத்து 7ஆம் வார்டில் இரண்டு கடைகள் கட்டுவதாகச் சொல்லியிருந்த வால்மார்ட் 2016 ஜனவரியில் கையை விரித்துவிட்டது. அவற்றில் ஒன்று வரவிருந்த ஸ்கைலாண்டில் லிடில் கடை திறக்க 2022 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களும் அங்கே அபூர்வம். 2019இல் பஸ்பாய்ஸ் அண்ட் போயட்ஸ் அனகோஸ்டியாவில் ஒரு கிளை திறந்தது செய்தியானதே அதற்குச் சாட்சி.

2023 ஆகஸ்டில் அந்த ஒரே ஜயண்டிலும் திருட்டைக் காரணம் காட்டி டைட், கோல்கேட், அட்வில் போன்ற தேசியப் பெயர்களை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டுக் கடையின் சொந்தச் சரக்கை வைக்கப்போவதாக நிறுவனம் சொன்னது. வாசலில் ரசீதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்ற விதியும் வந்தது. நிறுவனத்தின் இழப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடை மூடிவிடுமோ என்று பயந்து பற்பசையை விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை ஒரே கடை உள்ள ஊருக்குத்தான் வரும். ஆற்றின் மேற்குக் கரையில் ஒரு கடையின் நடைமுறை பிடிக்கவில்லையென்றால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கிறது.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு, அது வலுவானதும்கூட. கடை திறந்தால் மட்டும் மக்களின் உணவு மாறிவிடாது. ஹன்ட் ஆல்காட், ரெபெக்கா டயமண்ட் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கப் பணக்காரருக்கும் ஏழைக்கும் இடையிலான ஊட்டச்சத்து வேறுபாட்டில் கடை அருகே இல்லாததன் பங்கு சுமார் பத்தில் ஒன்றுதான் என்று கண்டது. மிச்சம் வருமானம், கல்வி, பழக்கம் சார்ந்தது. இதை வைத்து, கிழக்குக் கரையில் கடை இல்லாதது பெரிய குறையில்லை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த முடிவு எனக்கு ஏற்பில்லை. ஆய்வு அளந்தது சத்தை. பேருந்தில் இரண்டு கையிலும் பையோடு நின்று வரும் மூதாட்டியின் களைப்பையும், அதற்குச் செலவாகும் அரை நாளையும் அது அளக்கவில்லை. அளக்க அது எடுத்துக்கொள்ளவும் இல்லை. மளிகைக் கடை என்பது மருந்தாகப் பயன்பட்டால்தான் நியாயம் என்று மேற்குக் கரையில் யாரும் கேட்கவில்லையே.

வரி ஏற்பாடும் இந்தச் சாய்வுக்குத் துணைபோகிறது. வாஷிங்டனில் உணவகச் சாப்பாட்டுக்கு 10 சதவீத வரி, வீட்டில் சமைக்க வாங்கும் மளிகைக்கு விற்பனை வரியே இல்லை. ஏழைக்கு இது நல்லதுதான். ஆனால் நகர நிர்வாகத்தின் கல்லாவுக்கு உணவகத்தால் நேரடி வரவு, மளிகைக் கடையால் அப்படி இல்லை. இருந்தும் கடைகளை வரவழைக்கப் பேரங்காடி திறப்பவருக்குப் பத்து ஆண்டு சொத்து வரி விலக்கு தரும் சட்டம் இருக்கிறது. நோக்கம் நல்லது. நடந்தது என்னவென்றால், ஏற்கெனவே வேகமாக வளர்ந்துகொண்டிருந்த பகுதிகளில் திறந்த கடைகளும் அந்தச் சலுகையைப் பெற்றன. குடித்தனங்களை எண்ணிப் பார்த்து எப்படியும் வந்திருக்கக்கூடிய கடைக்கு வரி விலக்கு கொடுத்தால், அந்தப் பணம் வராத இடத்துக்குக் கடையைக் கொண்டுவரப் பயன்படவில்லை என்றுதான் பொருள்.

ஆற்றைத் தூய்மைப்படுத்திய செலவையும் பாருங்கள். மழைக்காலச் சாக்கடையைத் தாங்கிப் பிடிக்க நிலத்துக்கு அடியில் மாபெரும் சுரங்கக் குழாய்கள் வெட்டினார்கள். முதல் பகுதி 2018இல் இயங்கத் தொடங்கியது, மிச்சம் 2023இல் முடிந்தது. அனகோஸ்டியாவில் கலந்த கழிவில் 98 சதவீதத்தைத் தடுக்கும் திட்டம் இது, பொறியியலில் பெருமைப்பட வேண்டிய வேலை. அதற்கான கட்டணம் நகரம் முழுவதும் தண்ணீர் ரசீதுகளில் ஏறியிருக்கிறது. அலபாமா அவென்யூவில் வசிப்பவரின் ரசீதிலும்தான். நாற்றம் போன பிறகு கரையோர மேசைக்குக் கிடைத்த மதிப்பு மேற்குக் கரையின் வாடகையில் சேர்ந்தது.

மேற்குக் கரையிலும் முன்பு ஏழைகள் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மைதானத்துக்கு அருகே இருந்த ஆர்தர் கேப்பர், கேரல்ஸ்பர்க் பொதுக் குடியிருப்புகளின் 707 வீடுகளை இடித்தபோது, ஒவ்வொரு வீட்டுக்கும் பதில் வீடு அங்கேயே கட்டுவதாக வாக்குறுதி தந்தார்கள். அமெரிக்கப் பொதுவீட்டுத் திட்டங்களில் அப்படி வாக்குக் கொடுத்தது அரிது, பாராட்ட வேண்டியதும்கூட. கூட்டரசு நிதி 2001இல் ஒதுக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கடந்தும் அந்த வீடுகள் முழுவதுமாக எழும்பவில்லை. அதே காலத்தில் சுற்றிலும் சந்தை விலை அடுக்குமாடிகள் ஆயிரக்கணக்கில் நிரம்பின. தாமதமான நியாயம் என்பதற்கு நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இத்தனைக்கும் மேல் ஒரு வேடிக்கை நடந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்குக்குப் பிறகு வார்டு எல்லைகளைத் திருத்தினார்கள். ஆற்றின் கிழக்கே மட்டும் மக்கள்தொகை போதாததால் 8ஆம் வார்டை ஆறு தாண்டி நீட்டி நேவி யார்டையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். ஒரே நாளில், ஒரு செங்கல்லும் வைக்காமல், அந்த வார்டின் பேரங்காடி எண்ணிக்கை கூடிவிட்டது. அறிக்கையில் படித்தால் முன்னேற்றம். கிழக்குக் கரையில் இருப்பவருக்கோ கடை இருந்த தூரத்தில்தான் இருக்கிறது. புதுக் கடைகளின் எண்ணிக்கையை வைத்தே வெற்றியைச் சொல்லும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே ஆற்றங்கரையில் உணவகமும் மளிகையும் கொண்டுவரும் இந்த முறையை நான் குறை சொல்லவில்லை, அது நிற்கும் இடத்தைத்தான் சொல்கிறேன். பொதுப்பணத்தில் நிலத்தையும் ஆற்றையும் சீராக்கி, பூங்காவைத் திறந்துவிட்டு, உணவகத்தால் ஆட்களை வரவழைத்து, குடித்தனங்கள் சேர்ந்ததும் மளிகையைக் கொண்டுவருவது வேலை செய்கிறது. காலியாகக் கிடந்த நிலத்தில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஏற்கெனவே மக்கள் நிறைந்திருக்கும், ஆனால் அவர்கள் கையில் பணம் குறைவாக இருக்கும் இடத்துக்கு அது தானாகப் பாலம் ஏறிப் போவதில்லை. அங்கே வரி விலக்கோடு நிற்காமல், கடைக்கான இடத்தை நகரமே கட்டி, குறைந்த வாடகைக்கு நீண்ட காலத்துக்கு விட வேண்டியிருக்கும்.

அடுத்த சோதனை தொலைவில் இல்லை. பழைய ஆர்.எஃப்.கே. மைதானம் இருந்த ஆற்றங்கரை நிலத்தில் கமாண்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் புதிய மைதானமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான வீடுகளும் கடைகளும் கட்டும் ஒப்பந்தத்துக்கு நகர மன்றம் 2025 செப்டம்பரில் ஒப்புதல் தந்துவிட்டது. இதிலும் நகரத்தின் பணம் பெருமளவில் போகிறது. அந்த நிலம் 7ஆம் வார்டில்தான் வருகிறது, ஆனால் மேற்குக் கரையில். அங்கே திறக்கும் ஒவ்வொரு பேரங்காடிக்கும் கொடுக்கும் சலுகைக்கு ஈடாக, கிழக்குக் கரையின் பென்னிங் சாலையிலோ அலபாமா அவென்யூவிலோ ஒரு கடைக்கான நிதியை இப்போதே தனியாக எடுத்து வைக்குமாறு நகர மன்றத்தை அதன் வாக்காளர்கள் கேட்க வேண்டும். மைதானம் திறந்த பிறகு கேட்டால் கிடைக்காது.