மருந்து ஒன்று, வகுப்பு இரண்டு

சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரியிலும், 2022 ஜனவரியில் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியிலும் எம்.பி.பி.எஸ். படிப்பவர்களுக்கு, 2019-இல் நாடு முழுக்க வந்த திறன்வழிப் பாடத்திட்டம்தான் அடிப்படை. வலிக்கும் அதில் இடம் உண்டு, நல்ல விஷயம். ஆனால் வலி மயக்கவியல் துறைக்கும், போதை அடிமைத்தனம் மனநலத் துறைக்கும் போய்விட்டன. வலியின் அளவையும் தன்மையையும் நோயாளியிடம் கேட்டறியச் சொல்லும் பாடத்திட்டம், வலி மருந்துகளையும் போதை சிகிச்சையையும் ‘விவரி’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

விவரித்துவிடலாம். மார்ஃபின் எழுதினால் கூடவே மலமிளக்கியும் எழுத வேண்டும். விட்டுவிட்டால், மலச்சிக்கல் தாங்காமல் நோயாளி மாத்திரையையே நிறுத்திவிடுவார். போதை சிகிச்சைக்கான புப்ரினார்ஃபினை நாக்கடியில் வைக்கும் முன், போதை நின்றதால் வரும் விலகல் அறிகுறிகள் தொடங்கியிருக்க வேண்டும். அவசரப்பட்டால் அந்த மருந்தே வாந்தியையும் உடல்வலியையும் கிளப்பிவிடும். இதெல்லாம் மூத்த மருத்துவர் பக்கத்தில் நிற்க, எழுதிப் பார்த்துத்தான் கைக்கு வரும்.

மார்ஃபின் எழுதச் சட்டம்தான் தடை என்பார்கள். ஒருகாலத்தில் உண்மை. 1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் இந்தியாவில் மார்ஃபினின் மருத்துவப் பயன்பாடு 97 விழுக்காடு சரிந்து, 1997-இல் 18 கிலோவில் வந்து நின்றது. 2014 திருத்தம் முடிச்சைத் தளர்த்திவிட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் பயிற்சி பெற்ற மருத்துவர் இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது முக்கிய நிபந்தனை. ஆக, குறை பயிற்சியில்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நோய்த்தணிப்புச் செவிலியரை வீட்டு வாசல்வரை கொண்டுபோகிறது. ராசிபுரம் பக்கத்துப் புற்றுநோயாளியின் வலியை அவர் பார்ப்பார். மார்ஃபின் எழுத மருத்துவர்தான் வேண்டும்.

வலி மருந்துகளை அளவுக்கு மீறி எழுதி அமெரிக்கா பட்ட பாடு தெரியாதா என்ற அச்சம் நியாயமானது. அங்கேயே 2023 முதல், கட்டுப்பாட்டு மருந்து எழுதும் உரிமம் பெற 8 மணி நேரப் போதை சிகிச்சைப் பயிற்சி கட்டாயம். இங்கே 2018-இல் டிரமடால் என்ற வலி மருந்தும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. இன்னொரு வலி மாத்திரையான டேபென்டடாலைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் பற்றிய செய்தி தமிழகத்தில் ஓயவில்லை. பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளியின் இடுப்புவலிக்கும் லாரி ஓட்டுநரின் முதுகுவலிக்கும் அதே மாத்திரையை எழுத நேரும். அப்போது வலியையும் அடிமைத்தனத்தையும் ஒரே ஆளிடம் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டாமா?

பாடத்திட்டம் தாளில் தேறுகிறது, வார்டில் தேறவில்லை. பயிற்சி மருத்துவர் ஆண்டில் இரு துறைகளும் சேர்ந்து நடத்தும் கட்டாயப் பணிக்காலம் ஒன்றைச் சேலமும் நாமக்கல்லும் தொடங்க வேண்டும். கண்காணிப்பில் மருந்துச்சீட்டு எழுதிக் காட்டாமல் யாரும் அதை முடிக்கக் கூடாது.