பை 320 கிராம், தண்ணீர் 3 கிலோ

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். வாயைச் சுருட்டி மூடிய பிறகு உயரம் 55 செ.மீ., அடிப்பாகம் 28க்கு 17 செ.மீ., கொள்ளளவு ஏறக்குறைய 26 லிட்டர், வெறும் பையின் எடை 320 கிராம். ஜிப் கிடையாது. இடுப்புப் பட்டை கிடையாது. வெளிப்புறம் ஒரு பாக்கெட்கூடக் கிடையாது. கடையில் வாங்கிய பை அல்ல இது. வடிவம் வரைந்ததும் துணி வெட்டியதும் நான். தையல் மட்டும் வல்லத்தில் ஒரு தையற்கடையின் கால் மெஷினில், பாதி நானும் பாதி அந்தக் கடைக்கார அண்ணனுமாக. சோதித்துப் பார்க்க அதிக தூரம் போக வேண்டியதில்லை, பக்கத்திலேயே செஞ்சிக் கோட்டை.

மலையேற்றப் பையைத் தானே தைத்துக்கொள்வதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயது அமெரிக்கப் பாட்டி, தன் கையால் தைத்த டெனிம் துணிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பலாச்சியன் தடம் முழுவதையும், அதாவது சுமார் 3,300 கி.மீ., தனியாக நடந்து முடித்தார். மழைக்குப் போர்த்திக்கொள்ள அவரிடம் இருந்தது குளியலறைத் திரை. 1990களில் ரே ஜார்டின் என்ற மலையேறி இதை ஒரு கொள்கையாகவே ஆக்கினார். உள்ளே போகும் சாமானைக் குறை, பை சின்னதாகும். பை சின்னதானால் கம்பிச் சட்டகம் எதற்கு, இடுப்புப் பட்டை எதற்கு என்பது அவர் கேள்வி. ஒரு கிலோ, இரண்டு கிலோ எடையுள்ள பைகளைச் சுமந்துகொண்டிருந்தவர்கள் முன்னால், தானே தைத்த சில நூறு கிராம் பையோடு அவர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து காட்டினார்.

ஜார்டின் கணக்கு நம் ஊருக்கு அப்படியே ஒத்துவராது. அது கூடாரம், தூங்கும் பை, குளிருடை, பல நாள் சாப்பாடு என்று போகிறவர்களுக்கான கணக்கு. நம் நடையெல்லாம் பெரும்பாலும் காலையில் ஏறி மாலைக்குள் இறங்குவது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 தடங்களோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்திலும் பெரும்பாலானவை அரை நாள், ஒரு நாள் நடைகள்தான். கூடாரமும் இல்லை, போர்வையும் இல்லை. நம் பையில் கனப்பது ஒன்றே ஒன்று: தண்ணீர். வெயில் காலத்தில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்கு ஆளுக்கு 3 லிட்டர் வேண்டும். அது 3 கிலோ. வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த துணி வரவழைத்து பையில் 100 கிராம் மிச்சம் பிடித்தால், அரை டம்ளர் தண்ணீரின் எடை குறைந்திருக்கும். அவ்வளவுதான்.

செஞ்சியின் வரலாறே தண்ணீர்க் கணக்குதான். ஔரங்கசீப்பின் படை 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டும் மராத்திய மன்னர் ராஜாராம் தாக்குப்பிடித்ததற்கு, கோட்டைக்குள் இருந்த சுனைகளும் குளங்களும் தானியக் கிடங்குகளும் ஒரு காரணம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது இது ஒன்றுதான். பெருமைதான். ஆனால் ஏறுகிறவர் தண்ணீரைக் கீழேயிருந்துதான் தூக்கிப் போக வேண்டும்.

அதனால் இந்தப் பையை வடிவமைக்கும்போது துணியைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். முதலில் பார்த்தது பாட்டில் எங்கே நிற்கும், முதுகு எப்படி வேர்க்கும், குரங்கு எங்கே கைவைக்கும் என்ற மூன்றையும்.

பாட்டிலுக்குப் பையின் உள்ளேயே, முதுகை ஒட்டி, நெட்டுக்குத்தாக இரண்டு உறைகள். எடை முதுகெலும்புக்குப் பக்கத்தில் இருந்தால் பை பின்னால் இழுக்காது. படியேறும்போது உடம்பு முன்னால் குனிய வேண்டியதும் குறையும். இதில் ஒரு தொந்தரவு உண்டு. தண்ணீர் குடிக்க ஒவ்வொரு முறையும் பையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நடந்துகொண்டே குடித்துப் பழகியவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் செஞ்சியில் பக்கவாட்டு வலைப் பாக்கெட்டில் பாட்டில் வைத்துக்கொண்டு ஏறிப் பாருங்கள், நான் ஏன் இப்படிச் செய்தேன் என்று புரியும். பாட்டிலை உருவுவது அங்குள்ள குரங்குகளுக்கு ஒரு வேலையே இல்லை. ஜிப்பின் தொங்கலைப் பிடித்து இழுக்கவும் அவற்றுக்குத் தெரியும். வாயை மூன்று சுற்றுச் சுருட்டி, இரண்டு முனையையும் பக்கிளால் மாட்டிவிட்டால் அவற்றுக்குப் பிடி கிடைப்பதில்லை. ஒரு பெரிய குரங்கு பக்கிளைப் பிடித்து இழுத்து, கடித்து, சலித்துப்போய்ப் பக்கத்தில் முறுக்குப் பொட்டலம் வைத்திருந்தவரிடம் போய்விட்டது.

இப்போது துணி. நூலின் தடிமனை டீனியர் என்ற கணக்கில் சொல்வார்கள்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டீனியர். மேல்பகுதிக்கு நான் எடுத்தது 210 டீனியர் ரிப்ஸ்டாப் நைலான், உட்புறம் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு. ரிப்ஸ்டாப் என்றால் சில மில்லிமீட்டருக்கு ஒரு தடித்த நூல் கட்டம் கட்டமாக ஓடும்; ஓரிடத்தில் கிழிந்தால் கிழிசல் அடுத்த கட்டத்தில் நின்றுவிடும். இரண்டாம் உலகப் போரில் பட்டுக்குப் பதிலாக நைலானில் பாராசூட் தைத்த காலத்துத் துணி. 70 டீனியரில் தைத்திருந்தால் இன்னும் எடை குறையும், ஆனால் செஞ்சிப் பாறை உப்புத்தாள் மாதிரி. உட்காருகிற இடத்திலெல்லாம் பையைத் தரையில் வைப்போம், வைக்கும்போது சற்று இழுப்போம். அதனால் அடிப்பாகத்துக்கு மட்டும் 1,000 டீனியர் முரட்டுத் துணி. பக்கிள், நாடா, ஃபோம் எல்லாம் சென்னை பெரியமேட்டில், தோல் சாமான் கடைகளுக்கு நடுவில் பொறுக்கியவை.

துணியைப் பார்த்ததும் வல்லத்து அண்ணன் சொன்னது: “தம்பி, இது வழுக்குற துணி. பல்லு புடிக்காது.” மெஷினின் அடியில் துணியை நகர்த்தும் பல்லைத்தான் சொன்னார். சொன்னபடியே மேல் துணி ஒரு பக்கமும் கீழ்த் துணி ஒரு பக்கமுமாக ஓடியது. இரண்டுக்கும் நடுவே நியூஸ் பேப்பர் பட்டை வைத்துத் தைத்துவிட்டு, பிறகு பேப்பரைக் கிழித்தெடுப்பது அவர் காட்டிய வழி. குண்டூசி குத்தினால் ஓட்டை ஓட்டையாகவே நிற்கும், அதனால் துணி காயப்போடும் கிளிப். ஊசி 16 நம்பர். நூல் பாலியெஸ்டர்தான்; பருத்தி நூல் வேர்வையில் இற்றுப்போகும். தையலைச் சற்றுப் பெரியதாக, 3 மி.மீ. அளவில் வைத்தோம். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைப்போம்; நைலானில் நெருக்கித் தைத்தால் ஊசி ஓட்டைகளே வரிசையாகச் சேர்ந்து அந்தக் கோட்டிலேயே கிழியும். வெட்டிய ஓரம் தும்பு தும்பாகப் பிரியாமல் இருக்க, அண்ணன் கடையில் சாமி படத்துக்கு ஏற்றியிருந்த ஊதுபத்தியை எடுத்து ஓரம் முழுக்க இழுத்துவிட்டார். உருகி ஒட்டிக்கொண்டது. இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

பையில் முதலில் பிய்ந்துபோவது தோள்வார் சேருமிடம்தான். வார் மேலே சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டோம். கீழ் முனையில் நாடாவை நேராகத் தைக்காமல், முக்கோணத் துணித் துண்டு ஒன்றில் கோர்த்து, அந்த முக்கோணத்தைப் பக்கத் தையலுக்குள் புதைத்தோம். இழுப்பு ஒரு புள்ளியில் விழாமல் ஒரு கோட்டில் பரவும். வார் வளைந்த வடிவம். நேர் வார் அக்குளில் உரசும். அண்ணனுக்கு இது மட்டும் பிடிக்கவில்லை. துணி வீணாகிறதாம். ஆகத்தான் செய்கிறது.

சட்டகம் இல்லாத பைக்கு முதுகுப் பக்கம் ஏதாவது விறைப்பு வேண்டும். வழக்கமாக ஃபோம் ஷீட் வைப்பார்கள். ஃபோமில் காற்று நுழையாது, நம் வேர்வைக்குச் சட்டை பிழியலாம். அதற்குப் பதில் கோரைப்பாய்த் துண்டு ஒன்றை, கோரை மேலிருந்து கீழாக வரும்படி வெட்டி, ஓரம் கட்டி, முதுகுப் பக்கத்தின் வெளியே வலைத் துணி உறைக்குள் செருகினேன். கோரை தன் நீளத்துக்கு விறைப்பாக நிற்கும், இடுக்கில் காற்றும் போகும். ராஜகிரியின் உச்சிக்குச் சற்றுக் கீழே, ஆழமான பிளவின் மேல் பாலம் போட்டிருக்கும் இடத்துக்கு வந்து பையைக் கழற்றியபோது, சட்டையில் நனைந்தது தோள்வார் பட்ட இடமும் முதுகின் நடுவில் ஒரு பட்டையும்தான். குறையும் உண்டு. நடக்க நடக்கச் சரசரவென்று சத்தம். அடிக்கடி நனைந்தால் ஓரக் கோரை பொடிகிறது, அவ்வப்போது மாற்ற வேண்டும். பாய்த் துண்டுக்கு என்ன விலை, மாற்றிக்கொள்ளலாம்.

ஐந்து கிலோ வரை பை அசையாமல் உட்காருகிறது. ஏழு கிலோவைத் தாண்டினால் முழு எடையும் தோளில் தொங்கி, கழுத்து வலிக்க ஆரம்பிக்கிறது. இரவு தங்கும் பயணத்துக்கு இது ஆகாது. இடுப்புப் பட்டை வைத்த வேறு பைதான் சரி. மழையிலும் இதை நம்ப வேண்டாம். துணியில் தண்ணீர் இறங்காது, ஊசி ஓட்டைகளில் இறங்கும்.

செலவு மிச்சமாகும் என்று நினைத்து இறங்காதீர்கள். டெகாத்லானில் சில நூறு ரூபாய்க்கு ஒரு சிறு பை கிடைக்கும். இதில் பக்கிள், நாடா, வலைத் துணி, ஃபோம் வாங்கவே அதைத் தாண்டிவிடும், தையல்கூலி தனி. கொஞ்ச தூரம், எப்போதாவது நடப்பவர்கள் கடைப் பையே வாங்கலாம். உயரம் குறைந்தவர்கள், அகலத் தோள்காரர்கள், கடைப் பை எதுவும் முதுகில் சரியாக உட்காராதவர்களுக்கு இது வேறு கதை. முதுகு நீளத்தை அளந்து, காக்கித் தாளில் வெட்டி, முதலில் பழைய வேட்டித் துணியில் ஒன்று தைத்து மாட்டிப் பாருங்கள். மாட்டும்போது பாட்டிலில் தண்ணீர் நிரம்பியிருக்கட்டும். வெறும் பை எல்லார் முதுகிலும் சரியாகத்தான் உட்காரும்.